ஆசிரியர் தினத்துக்கு ஒரு கேக்கும் நாற்பது போன் நம்பரும்

நேற்று ஆசிரியர் தினம். கோச்சிங் சென்டரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனாலும் சொல்லித் தீர்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

காலை 8.30க்கு எல்லா பேக்கல்ட்டியும் மூன்றாவது மாடி ஹாலுக்கு வர வேண்டும், கேக் வெட்டுகிறோம் என்று முந்தின நாள் இரவு 11.20க்கு குரூப்பில் மெசேஜ். உடனே பதினேழு பேர் கும்பிடு போட்டார்கள். பதினெட்டாவது கும்பிடு என்னுடையது.

8.30க்குப் போனேன். கேக் இருந்தது, ஜோனல் ஹெட் இல்லை. "சார் போன் கால்ல இருக்கார்." சரி. 8.50. கேக்கில் முக்கால்வாசி கம்பெனி லோகோ. ஓரத்தில் இடம் போதாமல் 'ஆசிரியர் தின வாழ்' என்பதோடு எழுத்து நின்றுவிட்டது. வாழ விட்டால் வாழ மாட்டோமா? 9.10. பிள்ளைகள் இல்லாத ஹாலில் ஏசி போடக் கூடாதாம். சென்னைப் புழுக்கத்தில் லோகோ மெல்ல இறங்கி 'வாழ்' மேல் வழிந்தது. கெமிஸ்ட்ரி சார் அதன் உருகுநிலையைப் பற்றி வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டார். 9.25. கீழே நீட் பேட்ச் உட்கார்ந்திருக்கிறது. 180 மார்க் பிசிக்ஸில் பிள்ளைகளை அதிகம் அலற வைக்கும் சுழற்சி இயக்கம்தான் அன்றைய பாடம். மேலே நான் மெழுகுவத்திக்குக் காவல்.

9.40க்கு ஜோனல் ஹெட் வந்தார். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவர் ஆன கதையைச் சொன்னார். அந்த மனிதர் எப்படியோ இரண்டே நிமிடத்தில் எங்கள் செப்டம்பர் டார்கெட்டில் வந்து முடிந்தார். அப்புறம் கேக்கை வெட்டினது யார் தெரியுமா? போன மாதம் அதிக அட்மிஷன் போட்ட கவுன்சிலர் தம்பி. அவனைச் சொல்லி என்ன பயன்? வாயில் கேக் துண்டோடு யாரோ ஒரு அப்பாவுக்கு இஎம்ஐ விளக்கிக்கொண்டிருந்தான்.

எங்களுக்கும் பரிசு இருந்தது. தலைக்கு ஒரு தாள், தாளுக்கு நாற்பது போன் நம்பர். வாத்தியார் குரலுக்குப் பெற்றோர் மரியாதை கொடுப்பார்களாம், அதனால் இன்றைக்கு நாங்களே கூப்பிட்டு ரினிவல் கேட்க வேண்டுமாம். முதல் நம்பரே ஏழாம் வகுப்புப் பையனின் வீடு. 16 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. இங்கே அந்த வகுப்புக்கு 'பவுண்டேஷன்' என்று பெயர், அவ்வளவுதான். அதே நெறிமுறையில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் வார விடுமுறை கொடு, விடுமுறைக்கு மறுநாள் டெஸ்ட் வைக்காதே என்றும் இருக்கிறது. இதை எங்கள் ஆட்கள் பிரமாதமாகச் சமாளித்துவிட்டார்கள். விடுமுறையே விடாவிட்டால் மறுநாள் எங்கிருந்து வரும்?

கூப்பிட்டேன். பதினாலாவது நம்பரில் எடுத்த அப்பா அரசுப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிசிக்ஸ் வாத்தியார். நான் யாரென்று சொன்னதும் "ஆசிரியர் தின வாழ்த்துகள் சார்" என்றார். நேற்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே வாழ்த்து அதுதான், 'த்து' உட்பட. தொண்டை அடைத்துவிட்டது. ரினிவல் பேச்சை எடுப்பதற்குள் அவரே குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்க சென்டர்ல வேலை எதுவும் இருக்கா சார்?" இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சீக்கிரம் நிறுத்திவிட்டார். எனக்கு நிற்கவில்லை.

சாயங்காலம் எச்.ஆர். மெயில். தாமத வருகை, அரை நாள் சம்பளம் கட். கைரேகை வைக்கும் மெஷின் தரைத்தளத்தில், கேக் மூன்றாவது மாடியில். கேக் முடிந்து கீழே இறங்கி விரலை வைத்தபோது 10.02. "நீங்கதானே சார் வரச் சொன்னீங்க" என்றதற்கு, "சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது" என்று பதில்.

அது போகட்டும். பேன்ட்ரியில் இருந்த என் எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடியை மட்டும் எடுத்துப் போன புண்ணியவானே, மூடியை வைத்துக்கொண்டு என்னதான் செய்வாய்? தயிர்சாதத்தை இரண்டு நாளாக நியூஸ்பேப்பர் போட்டு மூடிக்கொண்டு வருகிறேன்.