சென்னையில் எதுங்க 'வெதுவெதுப்பான இடம்'?

பிரெட் வீடியோக்களில், மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, "வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள்" என்கிறார்கள். ஐயா, இது சென்னை, மே மாதம், வீட்டுக்கு மேலே நேராக மொட்டை மாடி. வெதுவெதுப்பாக இல்லாத இடம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அங்கே வைக்கிறேன்.

கையால் பிரெட் செய்யக் கற்றுக்கொள்ளலாம் என்று எந்தத் தமிழ் வீடியோவைத் திறந்தாலும் இதே வசனம்தான். குளிர் நாட்டுக்காரர் தன் சமையலறைக்கு எழுதிய குறிப்பை அப்படியே ஒப்பிக்கிறார்கள். அவர் வீட்டில் 20, 22 டிகிரி இருக்கும். இங்கே கத்திரியில் ஃபேன் போட்டாலும் சமையலறை 34க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் உயிருள்ள பொருள், சூடு கூடினால் அதன் வேகமும் கூடும். சொன்னபடி ஒரு மணி நேரம் கழித்துத் துணியை விலக்கினால் மாவு பொங்கித் தளர்ந்து, நடுவில் குழி விழுந்து, கள் வாடை அடிக்கிறது. ஓவனில் எழும்ப அதற்குத் தெம்பே மிச்சம் இல்லை.

இதெல்லாம் நமக்குத் தெரியாத விஷயமா? அதுதான் கடுப்பே. மார்கழியில் இட்லி மாவை ராத்திரி முழுக்க வெளியே விடுகிற அதே அம்மா, மே மாதத்தில் நாலைந்து மணி நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுவார். கடிகாரத்தையா பார்க்கிறார்? பாத்திரத்தைப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார். பிரெட் என்றதும் மட்டும் அந்த அறிவை மூட்டை கட்டிவிட வேண்டுமா?

அடுத்தது, ஈஸ்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கச் சொல்வது. மதியம் குழாயைத் திறந்தால் டேங்கில் கொதித்த தண்ணீர் கையைச் சுடுகிறது. நமக்கு வேண்டியது ஐஸ் தண்ணீர். பிசைந்து முடிக்கும்போது மாவின் சூடு 24, 26 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது பேக்கரிக் கணக்கு. வெயில் காலத்தில் ஐஸ் போட்டே பிசைகிறவர்கள் உண்டு. கையால் பத்து, பதினைந்து நிமிஷம் பிசைகிற நமக்குக் கைச்சூடு வேறு சேர்கிறது. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றால் மாவிலேயே நேராகக் கலந்துவிடலாம், அதற்கு வெந்நீர்க் குளியல் வேண்டாம். அரை கிலோ மைதாவுக்கு 7 கிராம் ஈஸ்டைக் கொட்டச் சொல்கிறீர்களே, இந்த வெயிலுக்கு 2, 3 கிராமே தாராளம். ஒருத்தர், ஒரே ஒருத்தர் இதைச் சொல்லக் கூடாதா?

மாவு விஷயம் தனிக் கொடுமை. 'பிரெட் ஃப்ளவர்' வேண்டுமாம். அண்ணாச்சி கடையில் கேட்டால் "பிரெட் தூளா தம்பி?" என்று கட்லெட்டில் புரட்டுகிற தூளை நீட்டுகிறார். அவர் மேல் தப்பில்லை. நம்ம மைதா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், நூறு கிராமுக்குப் புரதம் பெரும்பாலும் 10, 11 கிராம் என்றிருக்கும். அவர்கள் சொல்லும் மாவில் 12, 13. புரதம் கூடின மாவு தண்ணீரையும் கூடுதலாக இழுக்கும். அந்த மாவுக்குச் சொன்ன தண்ணீரை இதில் ஊற்றினால், போதாக்குறைக்குக் கடற்காற்று ஈரமும் சேர்ந்து, முழங்கை வரை பிசுபிசு. உடனே என்ன சொல்கிறார்கள்? "இன்னும் கொஞ்சம் மாவு தூவுங்கள்." தூவித் தூவிக் கடைசியில் சப்பாத்தி மாவுதான் மிஞ்சும். அரை கிலோவுக்கு 300 மில்லியில் ஆரம்பித்து, கலந்ததும் இருபது நிமிஷம் சும்மா விட்டுவிட்டுப் பிசையச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

'ஒரு கப் மாவு' என்பதையும் விடுங்களேன். அமுக்கி அள்ளினால் 150 கிராம், லேசாகப் போட்டால் 120. தராசு வையுங்கள் என்று முதல் வரியிலேயே சொல்லலாமே.

இத்தனையும் தாண்டி மாவு பக்குவமாக எழும்பி, ஓவன் 200 டிகிரியைத் தொடும்போது கரண்ட் போகும். அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்த வீடியோவை மட்டும் தயவுசெய்து மே மாதத்தில், ஏசி இல்லாத சமையலறையில் நின்று எடுங்கள்.