தோற்றால் செலவு யார் தலையில்?

ஆஸ்திரேலியாவில் பாகுபாட்டு வழக்கில் தோற்றவர் எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணத்தையும் கட்டியே ஆக வேண்டும் என்று சொல்லப்படுவது உண்டு. அது 2024 அக்டோபருக்கு முன் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளுக்கே பொதுவாகப் பொருந்தும். அம்மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, முறையிட்டவர் தோற்றாலும் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கே. ஒரு காரணத்திலாவது வென்றுவிட்டால், அவருடைய செலவை எதிர்த்தரப்பே ஏற்க வேண்டும். அதற்காக இதை முழுக் கவசம் என்று எண்ணிவிடக் கூடாது. நியாயமான காரணமின்றியோ தொல்லை கொடுக்கும் நோக்கிலோ வழக்குத் தொடுத்தவரும், முறையற்ற செயலால் எதிர்த்தரப்புக்கு வீண் செலவு வைத்தவரும் பணம் கட்ட நேரலாம். பலர் கவனிக்கத் தவறும் விலக்கு இன்னொன்று: வென்ற எதிர்த்தரப்பு, முறையிட்டவரை மிஞ்சிய செல்வாக்கோ பெரும் பணபலமோ இல்லாத சிறு கடைக்காரர் போன்றவராக இருந்தால், அவருக்குச் செலவுத்தொகை வழங்குமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். மாநிலச் சட்டங்களின்கீழ் மட்டும் செல்லும் முறையீடுகளுக்கு இத்திருத்தம் பொருந்தாது.