எல்லாரும் கவச வண்டியில் போகவில்லை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பான்சர் கிரெனடியர் டிவிஷன் என்பது மோட்டார் வண்டிகளில் போன காலாட்படையின் பெரும் பிரிவு. "பான்சர் கிரெனடியர் டிவிஷன் என்றால் மொத்தப் படையும் கவச வண்டியில்தான் போகும், 1941இல் ரஷ்யாவுக்குள் நுழைந்த ஜெர்மன் ராணுவமே இயந்திரமயம்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பிரச்சாரப் படங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

1943 நடுவில் மோட்டார் காலாட்படை டிவிஷன்களுக்குத்தான் பான்சர் கிரெனடியர் என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயர் மாறியதால் வண்டி மாறிவிடவில்லை. பெரும்பாலான வீரர்கள் லாரியில் போய், சண்டைக்கு முன்பே இறங்கி நடந்தார்கள். ஓப்பல் பிளிட்ஸ் என்ற ஜெர்மன் லாரிகள் போதாமல் பிரான்சில் பிடித்த லாரிகளையும் ஓட்டினார்கள். ரகத்துக்கு ஒரு உதிரி பாகம் தேடுவதே பெரிய தலைவலி.

அந்தப் பிரச்சாரப் படங்களில் நீங்கள் பார்க்கும் கவச வண்டி 251 என்ற ரகம், முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலியும் உள்ளது. மேலே கூரை கிடையாது, பக்கவாட்டுத் தகடு வெறும் 8 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் டாங்கி டிவிஷன்களுக்குத்தான் போனது. அங்கேயும் டிவிஷனுக்குள் இருந்த நான்கு காலாட்படை பட்டாலியன்களில் (சிறு பிரிவுகளில்) ஒன்றுக்குக் கிடைத்தால் பெரிது. 1944இல் பிரான்சின் நார்மண்டியில் சண்டையிட்ட பான்சர் லேர் டிவிஷனில் நான்கு பட்டாலியன்களுக்குமே கவச வண்டி இருந்தது உண்மைதான், ஆனால் அது விதிவிலக்கு. அதை வைத்து மற்றவற்றை எடைபோடக் கூடாது.

அப்புறம் அந்த 1941 கதை. ரஷ்யாவுக்குள் போன ஜெர்மன் படையோடு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின. சாதாரணக் காலாட்படை டிவிஷனில் பீரங்கியை இழுத்ததே குதிரைதான், வீரர்கள் நடந்தே போனார்கள்.