மாம்பழம் தின்றவனுக்கும் ஊசி போடணும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஐந்து நாளாக ஒரே மாம்பழ வாசனை. இது 2024 ஏப்ரல். மதுபானக் கொள்கை வழக்கில் கைதாகித் திகார் சிறையில் இருக்கும் டெல்லி முதல்வர் கெஜ்ரிவால் உள்ளே மாம்பழம் தின்று வேண்டுமென்றே சுகரை ஏற்றிக்கொள்கிறார் என்று வியாழக்கிழமை அமலாக்கத்துறை டெல்லி நீதிமன்றத்தில் சொன்னது, வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டு விரல் மையைப் படம் எடுத்துப் போட்டோம், அதற்கு நடுவிலேயே கேலிப் படம் ஆரம்பித்துவிட்டது. கெஜ்ரிவால் மாம்பழக் கூடைக்குள், கெஜ்ரிவால் சேலத்தில் தோப்பு வாங்குகிறார், இப்படி. அவர் கேட்டுக்கொண்டிருந்த இன்சுலினை நேற்று ராத்திரி ஒருவழியாகச் சிறையில் போட்டார்கள் என்று செய்தி வந்த பிறகும் ஒன்று வந்தது. அனுப்பியவர் என் சித்தப்பா. அதனால்தான் இதை எழுதுகிறேன், இல்லையென்றால் சும்மா இருந்திருப்பேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆம் ஆத்மி ஆள் இல்லை. காஷ்மீருக்குச் சிறப்பு அந்தஸ்து தந்த 370-ஐ நீக்கியபோது ஆதரித்த கட்சி அது, நான் மறக்கவில்லை. மதுபானக் கொள்கை வழக்கில் அவர் தப்பு செய்தாரா இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது. கோர்ட் சொல்லட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். முப்பது வருடமாகச் சுகர் உள்ள ஒருவரைப் பூட்டி வைத்துவிட்டு, சாவியும் உங்களிடம், மருந்தும் உங்களிடம், டாக்டரும் உங்கள் டாக்டர் என்றான பிறகு, ஏறினால் ஊசி போட வேண்டியது யார்?

ஜாமீன் வாங்குவதற்காகவே மாம்பழமும் ஆலு பூரியும் தின்று சுகரை ஏற்றிக்கொள்கிறார் என்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஏறியதா இல்லையா? ஏறியது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் என்ன, ஊசியைப் போடுங்கள். வீட்டிலிருந்து வந்த 48 வேளைச் சாப்பாட்டில் மூன்றே முறைதான் மாம்பழம் என்று அவருடைய வக்கீல் சிங்வி நீதிமன்றத்தில் எண்ணிச் சொன்னார். ஒரு முதல்வர் எத்தனை மாம்பழம் தின்றார் என்று நாட்டின் பெரிய வக்கீல் கணக்குக் கொடுக்கிற நிலைமை. எனக்கு அந்தக் கணக்கே வேண்டாம். 48 வேளையும் மாம்பழமே தின்றிருந்தாலும் ஊசி போட்டிருக்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே சித்தப்பாதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம். எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். சேர்த்த அன்றே கையிலிருந்த மருந்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ராத்திரி குத்திப் பார்த்தால் 340. நாக்கு வறண்டு உதட்டில் ஒட்டுகிறது, தண்ணீர் தண்ணீர் என்கிறார், அரைமணிக்கொரு தரம் யூரின் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது. என்னைப் பார்த்து, யார் நிற்கிறது என்று கேட்டார். கண் மங்கிவிட்டது. நர்ஸ் சீட்டைப் பார்த்து, இன்சுலின் எழுதவில்லை, டாக்டர் காலையில்தான் வருவார் என்கிறார். பார்க்க வந்த யாரோ கொடுத்த லட்டை அப்பா தின்றிருக்கிறார், அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஸ்வீட் சாப்பிட்டிருக்கார், அதான் ஏறியிருக்கு." அப்போது சித்தப்பா வார்டே எழுந்து உட்காரும்படி கத்தினார்: "லட்டு தின்னா என்னம்மா, சாகணுமா? ஊசியைப் போடு!" போட்டார்கள். அதே சித்தப்பா, அதே கையால், மாம்பழப் படத்தைத் தட்டிவிட்டிருக்கிறார். கூடவே நான்கு சிரிப்பு பொம்மை.

இப்போது கமெண்டில் வரப்போவதும் தெரியும். 'அவரே இன்சுலினை நிறுத்தி மாத்திரைக்கு மாறிவிட்டார் என்று திகார் சொல்கிறதே?' அப்படியென்றால் திங்கட்கிழமை ராத்திரி எதற்குப் போட்டீர்கள்? 320 என்கிறது கட்சி, 217 என்கிறது சிறை. எதுவாகவும் இருக்கட்டும், இரண்டு யூனிட் தேவைப்பட்டதா இல்லையா. 'அவருடைய மந்திரியாக இருந்த ஜெயின் உள்ளே மசாஜ் செய்துகொண்டாரே?' ஆமாம், வீடியோ நானும் பார்த்தேன். அதற்கு இவருடைய ஊசியை நிறுத்துவீர்களா? போங்கப்பா.

'சாதாரணக் கைதிக்கு இவ்வளவு கவனிப்பு கிடைக்குமா' என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. கிடைக்காது. இந்த நாட்டில் உள்ளே இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அவர்களுக்கு எண்ணிச் சொல்ல சிங்வி கிடையாது. திருச்சிப் பக்கத்திலிருந்து ஜார்க்கண்ட் போன பாதிரியார் ஸ்டேன் சுவாமி, 80 வயது தாண்டியவர், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குகிறது, சிறையில் தண்ணீர் குடிக்க ஸ்ட்ரா கேட்டார். 2020-ல். பதில் சொல்லவே 20 நாள் அவகாசம் கேட்டார்கள். அடுத்த ஜூலையில் காவலில் இருந்தபடியே செத்தும் போனார். ஆக, ஏழைக்கும் இல்லை, கிழவருக்கும் இல்லை, அதனால் முதல்வருக்கும் வேண்டாம் என்கிறீர்களா? நல்ல சமத்துவம்!

ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். 2023 ஜூனில், தமிழக அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியை நள்ளிரவில் பிடித்தபோது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து நானும் சிரித்தேன். 'வந்துருச்சுய்யா நெஞ்சுவலி' என்று ஃபார்வர்டும் பண்ணினேன். அடைப்பு இருந்தது, பைபாஸ் நடந்தது. அதற்காக அவர் உத்தமர் என்று சொல்லவில்லை. ஆனால் நான் சிரித்தது அசிங்கம்தான்.

அப்புறம் நேரத்தைப் பாருங்கள். 2024 மார்ச் 16 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு, 21 கெஜ்ரிவால் கைது. ஜார்க்கண்ட் முதல்வராக இருந்த ஹேமந்த் சோரன் ஜனவரியிலேயே உள்ளே. கெஜ்ரிவாலின் துணை முதல்வராக இருந்த சிசோடியா 2023 பிப்ரவரியிலேயே உள்ளே போய்விட்டார். டெல்லியில் மே 25 ஓட்டு. பிரசாரத்துக்கு ஊர் ஊராகப் போக வேண்டிய ஆள் உள்ளே உட்கார்ந்து ஊசி கேட்கிறார், வெளியே நாட்டுக்கே மாம்பழ ஜோக் விநியோகம் ஆகிறது. தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா, நீங்கள் பழைய கழகத்துக்காரர். இப்போது வேறு பக்கம், அது உங்கள் இஷ்டம். ஆனால் எமர்ஜென்சி நடந்த 1976-ல் சென்னை மத்தியச் சிறையில் மிசாக் கைதிகளை அடித்த கதையை எனக்கு அரிச்சுவடி மாதிரி சொன்னது நீங்கள். ஸ்டாலின் மேல் விழுந்த அடியைத் தன் உடம்பில் வாங்கிய முன்னாள் மேயர் சிட்டிபாபு, 1977 தேர்தலைப் பார்க்க உயிரோடு இல்லை என்று சொல்லும்போது உங்கள் குரல் உடையும். உள்ளே இருப்பவன் மேல் கை வைப்பவன் ஆம்பளையா என்று கேட்பீர்கள். கை வைக்காமலும் செய்யலாம் சித்தப்பா, மருந்தை மட்டும் தள்ளிப் போட்டால் போதும்.

குழுவில் இதைப் போடவில்லை, அம்மா படிப்பார். நீங்கள் இங்கே வந்து படிப்பீர்கள் என்று தெரியும். கோபம் இருந்தால் போன் பண்ணுங்கள்.

அப்பாவுக்கு இன்று காலை வெறும் வயிற்றில் 168. பேப்பரில் மாம்பழச் செய்தி படித்ததிலிருந்து அரை ருமானி கேட்டுக்கொண்டிருக்கிறார். கால் பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறேன், ஊசி போட்ட பிறகு.