ஆம்பை மாற்றும் முன் ஐஆரை மாற்றுங்கள்

கிட்டார் ஆம்பை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலரில் மெட்டல் டோன் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) போட்டிருக்கிறீர்கள் என்றுதான். பதிலுக்கு ஆம்ப் பெயர்தான் வரும். 5150 போட்டேன், ரெக்டிஃபையர் போட்டேன், இரண்டுமே வண்டு மாதிரி இரைகிறது என்பார்கள்.

ஸ்பீக்கர் இல்லாத டிஸ்டார்ஷன் அப்படித்தான் இரையும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வேகமாகக் குறைத்துவிடும். அப்படி வடிகட்டி வந்த சத்தத்தைத்தான் நாம் இத்தனை காலமும் ஆல்பங்களில் கேட்டிருக்கிறோம். ஸ்பீக்கர், பெட்டி, முன்னால் வைத்த மைக் மூன்றும் சேர்ந்து சத்தத்தை எப்படி மாற்றுகின்றன என்பதன் பதிவுதான் ஐஆர். செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர், முன்னால் ஒரு ஷூர் எஸ்எம்57. மெட்டலில் பழகிய கூட்டணி இது. அந்த மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு விரல் நகர்த்தினால் வரும் மாற்றம், ஆம்ப் மாடலை மாற்றினால் வருவதைவிடப் பெரிது. அதனால் ஒரே ஆம்பை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க ஐஆர்களை மட்டும் மாற்றிக் கேளுங்கள். அதன் பிறகும் கூர்மை காதைக் குத்தினால் 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதற்கு மேல் உள்ளதை வெட்டும் ஒரு ஹை கட் போதும்.

அடுத்தது ஆம்புக்கு முன்னால். ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு என்று வைப்பது டிஸ்டார்ஷனுக்காக அல்ல. 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியைத் தூக்கி, அடிச்சத்தத்தை அது மெலிய வைக்கும். தடித்த பாஸ் அப்படியே ஹை கெயினுக்குள், அதாவது ஆம்பின் கனத்த டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்தால் கூழாகிவிடும், பிறகு எந்த ஈக்யூவாலும் பிரிக்க முடியாது. முன்னால் குறைத்து, தேவையானதைப் பின்னால் சேர்க்க வேண்டும். அடிக்கம்பியை சி சுரம் வரை இறக்கும் டிராப் சி ட்யூனிங்கில் அந்தக் கம்பியே 65 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இது இன்னும் முக்கியம்.

கெயினைக் குறையுங்கள். உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அடக்கி வாசிக்கும் பாம் மியூட்டில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும் வரை குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது ஒல்லியாகத் தோன்றும், சரி. அதே ரிஃப்பை இரண்டு முறை வாசித்து இடது, வலது என்று வைத்தால் கனம் தானாக வரும். ஒரே டேக்கை நகலெடுத்து வைத்தால் அந்த அகலம் வராது.

ஒரு காலத்தில் கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் என் பிக்கப்தான் கெட்டுவிட்டது என்று பல மாதம் நம்பியிருந்தேன். கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் பொத்தானை அழுத்தாமல் விட்டதுதான் காரணம். பேட்டரி இல்லாத பாசிவ் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) உள்ள இன்புட் வேண்டும், இல்லாவிட்டால் மேல்பகுதி மழுங்கிவிடும்.

டிஜிட்டலில் உயிர் இல்லை என்ற பேச்சை என்னால் இப்போது ஏற்க முடியவில்லை. நிஜ ஆம்பின் சத்தத்தை நகலெடுக்கும் கெம்ப்பர் கருவி 2011இல் வந்துவிட்டது. இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கையில் இருக்கும் கருவி போதும். அதைக் கேட்டுப் பழக நேரம் கொடுக்க வேண்டும், அதுவும் சரியான சத்தத்தில். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே காட்டியதுதான்: சத்தம் குறையும்போது நம் காதுக்கு அடிப்பகுதி சரியாகக் கேட்காது. ராத்திரி ஹெட்போனில் மெதுவாக வைத்து பாஸை ஏற்றிச் சேமித்து வைத்த அமைப்பு (பிரீசெட்), சத்தமாக வாசிக்கும்போது குமுறுவது இதனால்தான்.

இன்னொன்று. நீங்கள் கிட்டாரில் தேடும் அந்த எடையில் பாதிக்கு மேல் பாஸ் கிட்டாருடையது. அதை மிக்ஸில் ஏற்றிக் கேட்ட பிறகு ஆம்பின் பாஸ் குமிழைத் தொடுங்கள்.