வெள்ளையணுவோடு சேர்ந்தே உள்ளே போகும் வைரஸ்

"எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தால் வைரஸ் மூளைப் பக்கமே போகாது, ரத்த-மூளைத் தடுப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

ரத்த-மூளைத் தடுப்பு என்பது மூளை ரத்தக்குழாய்களின் நெருக்கமான சுவர். ரத்தத்தில் தனியாக மிதக்கும் வைரஸை அது பெரும்பாலும் நிறுத்தும். ஆனால் மோனோசைட், டி செல் போன்ற வெள்ளையணுக்கள் மூளையைக் கண்காணிக்க அதைத் தாண்டிப் போய்வருபவை. எச்ஐவி தொற்றுவதே இந்த அணுக்களைத்தான். அவற்றுக்குள் இருந்தபடியே மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. அதற்கு எய்ட்ஸ் முற்றவேண்டும் என்பதில்லை, தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே நடக்கும். நியூரான்களை, அதாவது நரம்பணுக்களை, அது நேரடியாகத் தொற்றுவது அரிது. ரத்தக்குழாயை ஒட்டிய மேக்ரோஃபேஜ்களிலும் (கிருமிகளை விழுங்கும் அணுக்கள்) மைக்ரோக்ளியாவிலும் (மூளையின் சொந்தக் காவல் அணுக்கள்) தங்கிவிடும். அவை வெளிவிடும் அழற்சிப் பொருட்கள்தாம் நியூரான்களைப் பெரிதும் கெடுக்கின்றன.

"அப்போ வெள்ளையணுவை உள்ளே விடாமல் தடுத்தால் போச்சு" என்று கீழே கேட்டவருக்கு: அப்படித் தடுக்கும் மருந்தே இருக்கிறது, வெள்ளையணுக்களே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோய்க்குத் தரும் நடாலிசுமாப். கண்காணிப்பு குறைந்ததில் சிலருக்கு, பலர் உடலில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும் ஜேசி வைரஸ் தலைதூக்கி மூளையைத் தாக்கியது. அமெரிக்காவில் 2005இல் விற்பனையை நிறுத்தி, 2006இல் கடும் நிபந்தனைகளோடுதான் திரும்ப அனுமதித்தார்கள்.

எல்லா வைரஸுக்கும் இதே வழி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேபிஸுக்கு ரத்தமே தேவையில்லை, நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறிவிடும். நாய் கடித்தால் "எனக்குத்தான் எதிர்ப்புச் சக்தி இருக்கே" என்று காத்திருக்காமல், காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போங்கள்.