என்ஆர்எல்லின் முதல் பெண் நடுவர் யார்?

ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் எனப்படும் தேசிய ரக்பி லீக் போட்டியில் நடுவராகக் களமிறங்கிய முதல் பெண் கேசி பேட்ஜர் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அந்த முதல் பெண் பெலிண்டா ஷார்ப். 2019 ஜூலை 18, பிரிஸ்பேனில் பிராங்கோஸ் அணியும் புல்டாக்ஸ் அணியும் மோதிய ஆட்டம். அப்போது ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள். ஷார்ப் துணை நடுவர். அதைச் சொல்லி அவரைக் குறைத்துப் பேசுவது நியாயமே இல்லை. 2014 முதல் எல்லைக்கோட்டு நடுவராக ஓடி ஓடிப் பிடித்த இடம் அது.

சரி, பேட்ஜர் பெயர் எப்படி வந்தது? அவரும் 2014இல் எல்லைக்கோட்டு நடுவரானவர்தான். 2022 அக்டோபரில் டோங்கா, வேல்ஸ் ஆட்டத்தை நடத்தி, ஆண்கள் ரக்பி லீக் உலகக் கோப்பையின் முதல் பெண் நடுவரானார். அந்தப் பெருமையோடு இது கலந்திருக்கலாம். பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.